ஒளியுணர் அடுக்கு பிரியும்போது ஓசிடி படம் எதைக் காட்டுகிறது?

கேள்வி இது: 43 வயதான கணவருக்குச் சில வாரங்களாக வலக்கண் பார்வையின் நடுவில் சாம்பல் நிற வட்டம் ஒன்று தெரிகிறது, எழுத்துகள் சிறுத்தும் நெளிந்தும் தோன்றுகின்றன. பலதுறை மருந்தகத்திலிருந்து கண் நிபுணரிடம் அனுப்பினார்கள். அங்கே ஓசிடி படம் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியின் உதவியால் குறுக்குவெட்டாகக் காட்டும் படம்) எடுத்துப் பார்த்த மருத்துவர், ஒளியுணர் செல்களின் அடுக்கு அதன் அடித்தளத்தை விட்டுப் பிரிந்து இடையில் நீர் தேங்கியிருக்கிறது என்றும், இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடியும் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். விழித்திரை பிரிந்தால் தாமதிக்காமல் அறுவை செய்ய வேண்டும் என்று கேள்விப்பட்ட குடும்பம் இதனால் கலங்கிப்போயிருக்கிறது. அந்தப் படம் உண்மையில் எதைக் காட்டுகிறது, அதை வைத்துப் பார்வை திரும்புமா என்று சொல்ல முடியுமா என்பதே கேட்கப்படுவது.

முதலில் கலக்கத்துக்கு விடை சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேள்விப்பட்டதும் உண்மை, மருத்துவர் சொன்னதும் உண்மை. இரண்டு நோய்களிலும் விழித்திரை பிரிவது ஒரே இடத்தில்தான். ஆனால் பிரிவதற்கான காரணம் வேறு, நீர் வரும் வழி வேறு, ஆகவே அவசரமும் வேறு. உங்கள் கணவரின் வயது, அறிகுறிகள், மருத்துவரின் அறிவுரை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், மருத்துவரின் மனத்தில் இருப்பது சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி என்ற நோயாக இருக்க வேண்டும். சுருக்கமாக இதைச் சிஎஸ்சி என்பார்கள். படத்தைப் பார்க்காமல் நான் நோயை உறுதிசெய்ய முடியாது. அது உங்கள் மருத்துவரின் பொறுப்பு. ஆனால் அந்தப் படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை விளக்க முடியும். எல்லாருடைய கண்ணும் முதலில் போவது நீர் தேங்கிய கறுப்பு இடைவெளிக்குத்தான். பார்வையின் எதிர்காலத்தைச் சொல்பவையோ அந்த இடைவெளியின் மேல் விளிம்பில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடுகளும், அதன் அடியில் இருக்கும் இரத்தக்குழாய்ப் படலமும், ஒரே இடத்தில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் படங்களின் வரிசையும் ஆகும்.

விழித்திரை ஏன் இந்த இடத்தில் பிரிகிறது என்பதற்கு விடை, கரு வளர்ச்சியில் இருக்கிறது. கருவில் கண் உருவாகும்போது, மூளையிலிருந்து குமிழ் போன்ற ஒரு பகுதி வெளியே வளர்ந்து, பிறகு தன்மேல் தானே உள்நோக்கி மடிந்து இரட்டைச் சுவர் கொண்ட கிண்ணமாகிறது. உட்சுவர் ஒளியுணர் செல்களும் நரம்புச் செல்களும் நிறைந்த விழித்திரையாகவும், வெளிச்சுவர் ஒற்றைச் செல் தடிமனுள்ள நிறமி அடுக்காகவும் வளர்கின்றன. இரு சுவர்களும் நெருங்கி ஒட்டிக்கொண்டாலும், அவற்றுக்கு இடையே செல்லோடு செல்லை இறுகக் கட்டும் பிணைப்புகள் ஒருபோதும் உருவாவதில்லை. ஒளியுணர் செல்களின் நுனிகளும் நிறமிச் செல்களின் நுண்ணிய நீட்சிகளும், இரண்டு தூரிகைகளின் மயிர்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்தது போல, கோத்துக்கொண்டு நிற்கின்றன. இடையிலுள்ள பசை போன்ற பொருளும், நீரை இடைவிடாமல் வெளியேற்றும் நிறமிச் செல்களின் வேலையும் சேர்ந்தே அவற்றை ஒட்டி வைத்திருக்கின்றன. அந்த வேலையை மீறி நீர் உள்ளே வந்தால், பழைய மடிப்பு மறுபடியும் திறந்துகொள்கிறது.

பிரிந்தால் என்ன கெடுகிறது? விழித்திரையின் வெளிப்பாதியில் இரத்தக்குழாய்களே இல்லை. ஒளியுணர் செல்களுக்கு வேண்டிய பிராணவாயுவும் ஊட்டமும் நிறமி அடுக்குக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்துதான் கசிந்து வருகின்றன. நுணுக்கமாகப் பார்க்க உதவும், விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவின் மையக்குழியிலோ விழித்திரையின் உட்பகுதியிலும் இரத்தக்குழாய்கள் கிடையாது. அதனால் அங்கே இழப்பு இரட்டிப்பாகிறது. இன்னொன்றும் உண்டு. ஒளியுணர் செல்லின் வெளிநுனி நாள்தோறும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. தேய்ந்த முனையை நிறமிச் செல் விழுங்கிச் செரிக்கிறது. சுமார் பத்து நாள்களில் வெளிநுனி முழுவதும் புதிதாகிவிடுகிறது. இரண்டும் பிரிந்துவிட்டால் வளர்ச்சி நடக்கும், விழுங்குதல் நடக்காது. கழிவு தேங்குகிறது. ஒளியை உணரும் நிறமியைப் புதுப்பிக்கும் வேதிச் சுழற்சியும் தளர்கிறது. இதனால்தான் பளிச்சென்ற வெளிச்சத்தைப் பார்த்த பிறகு அந்தக் கண் தெளிய நெடுநேரம் பிடிக்கிறது. நீர் விழித்திரையை முன்பக்கம் தூக்குவதால் கண் தற்காலிகமாகத் தூரப்பார்வைக் கண்ணாகிறது; சிஎஸ்சி உள்ள சிலருக்குச் சிறிய பிளஸ் கண்ணாடி வைத்தால் எழுத்து ஓரளவு தெளிவது இதன் விளைவே.

இனி ஓசிடி. 1991ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் உள்ளிட்ட குழுவினர் இந்த முறையை வெளியிட்டார்கள். இம்மூவருக்கும் 2023ஆம் ஆண்டில் லாஸ்கர் விருது கிடைத்தது. கண்ணுக்குள் அகச்சிவப்பை ஒட்டிய மென்மையான ஒளியைச் செலுத்தி, ஒவ்வோர் ஆழத்திலிருந்தும் திரும்பிவரும் ஒளியை ஒப்பீட்டு ஒளிக்கற்றை ஒன்றோடு குறுக்கிடச் செய்து, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்பியது என்று கணக்கிடுவதே இதன் அடிப்படை. தொடக்க காலக் கருவிகள் நொடிக்குச் சில நூறு கோடுகளை மட்டுமே வருடின. சுமார் 10 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான வேறுபாடு அவற்றுக்குத் தெரியவில்லை. 2006ஐ ஒட்டி வந்த அடுத்த தலைமுறைக் கருவிகள் நொடிக்குப் பல்லாயிரம் கோடுகளை வருடி, ஆழத்தில் 5 முதல் 7 மைக்ரான் வரையிலான நுணுக்கத்தைக் காட்டத் தொடங்கின. ஒளியுணர் அடுக்கின் உட்பிரிவுகள் தனித்தனிக் கோடுகளாகத் தெரியத் தொடங்கியது அப்போதுதான். உயிருள்ள மனிதனின் கண்ணைத் தொடாமல், சில நொடிகளில், திசுவைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தாற்போன்ற காட்சி கிடைப்பதை இன்றும் நான் பெரிய கொடையாகவே கருதுகிறேன்.

நலமான மாகுலாவின் ஓசிடி படத்தில் வெளிப்பக்கம் நான்கு வெள்ளைக் கோடுகள் தெரியும். உள்ளிருந்து வெளியே போனால் முதலில் வருவது மெல்லிய வெளி எல்லைப் படலம். இது ஒளியுணர் செல்களின் உடற்பகுதியைத் தாங்கும் செல்களின் இணைப்பு வரிசை. அடுத்தது பளிச்சென்று தெரியும் எலிப்சாய்டு பட்டை. ஒளியுணர் செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கும் பகுதி இது. முன்பு இதை உள்நுனியும் வெளிநுனியும் சந்திக்கும் எல்லை என்றே எல்லாரும் எழுதினார்கள். 2011இல் ஸ்பைட், கர்சியோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் திசு அளவீடுகளோடு ஒப்பிட்டு அந்தக் கருத்தைத் திருத்தினார்கள். 2014இல் பன்னாட்டு நிபுணர் குழு புதிய பெயரையே ஏற்றது. மூன்றாவது, ஒளியுணர் செல்களின் நுனிகள் நிறமிச் செல்களோடு கோத்துக்கொள்ளும் பட்டை. நான்காவது நிறமி அடுக்கு. உங்கள் கணவரின் படத்தில் மூன்றாவது பட்டை அந்த இடத்தில் மறைந்திருக்கும், ஏனெனில் கோத்துக்கொள்ள எதிர்ப்பக்கம் அருகில் இல்லை. அந்த மறைவு மட்டுமே அழிவின் அறிகுறி ஆகாது.

கறுப்பு இடைவெளி எங்கே இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் ஓசிடி படத்தில் நீர் மூன்று வெவ்வேறு மாடிகளில் தேங்கக்கூடும். நரம்பு அடுக்குகளுக்குள்ளேயே சிறு அறைகளாகத் தேங்குவது ஒன்று. நீரிழிவினால் வரும் மாகுலா வீக்கத்தில் இது அதிகம். ஒளியுணர் செல்களுக்கும் நிறமி அடுக்குக்கும் இடையே தேங்குவது இரண்டாவது. இங்கே பேசப்படுவது அதுவே. நிறமி அடுக்கையே அதன் கீழிருந்து கூடாரம் போலத் தூக்குவது மூன்றாவது. கிட்டப்பார்வை மிகுந்த கண்களில் விழித்திரை தன் உள்ளடுக்குகளுக்கு நடுவே இழுபட்டுப் பிளவதும் உண்டு. அது தோற்றத்தில் பிரிவு போலிருந்தாலும், பிளவின் இரு பக்கமும் திசு இழைகள் நீண்டு நிற்கும். மையக்குழிக்கு நேர் கீழே ஒரு படம் மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்துவிட முடியாது. மாகுலா முழுவதையும் கடக்கும் படங்களை வரிசையாகப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

சிஎஸ்சியில் பழுது தொடங்குவது விழித்திரையில் அன்று, அதற்கும் பின்னால் கோராய்டில். அங்குள்ள இரத்தக்குழாய்கள் விரிந்து, கசிவு மிகுந்து, அழுத்தம் கூடி, நிறமி அடுக்கின் ஏதோ ஓர் இடத்தில் தடை உடைந்து, நீர் விழித்திரைக்கு அடியில் வருகிறது. 1866இல் ஜெர்மானிய மருத்துவர் வான் கிரேஃபே இந்த நோயை விவரித்தார் என்றாலும், 1967இல் டொனால்ட் காஸ் சாய ஊசி போட்டு எடுத்த படங்களைக் கொண்டு நீர் எப்படி வருகிறது என்று விளக்கிய பிறகே அதன் போக்கு தெளிவானது. கோராய்டைப் பார்க்க ஓசிடிக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. நிறமி அடுக்கு ஒளியைச் சிதறடிப்பதால் அதன் பின்புறம் மங்கலாகவே இருந்தது. 2008இல் ரிச்சர்ட் ஸ்பைட் தலைமையிலான குழு, படம் எடுக்கும் ஆழத்தை மாற்றி வைத்துக் கோராய்டின் முழுத் தடிமனையும் அளக்கும் எளிய வழியைக் காட்டியது. மையக்குழிக்குக் கீழே 300 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவாக இருப்பதே வழக்கமான சராசரி. 2009இல் வெளிவந்த அளவீட்டில் சிஎஸ்சி உள்ள கண்களின் சராசரி 500 மைக்ரானைத் தொட்டது. இடைவெளிக்கு அடியில் கோராய்டு தடித்து, பெரிய இரத்தக்குழாய்கள் புடைத்துத் தெரிந்தால், மருத்துவரின் கணிப்பு வலுப்பெறுகிறது. ஆகவே அறிக்கையில் கோராய்டின் தடிமன் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

இந்த நோய் பெரும்பாலும் 30 முதல் 50 வயது வரையிலான ஆண்களுக்கு வருகிறது. மன அழுத்தத்தோடும் உறக்கக் குறைவோடும் இதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் உறுதியான தொடர்பு ஸ்டீராய்டு மருந்துகளோடுதான். மாத்திரை, மூட்டில் போடும் ஊசி, மூக்கில் அடிக்கும் மருந்து, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்து, தோலில் தடவும் களிம்பு என்று எந்த வழியில் போனாலும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் இயற்கை மருந்து என்று தெரிந்தவர்கள் மூலமாகவும் இணையத்திலும் அண்டை நாடுகளிலிருந்தும் வாங்கப்படும் சில பொருள்களில், உறையில் குறிப்பிடாமல் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூலிகை என்று நம்பி உண்பவர் "ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா" என்ற கேள்விக்கு இல்லை என்றே நேர்மையாகப் பதில் சொல்வார். ஆகவே மருந்துப் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், வாயில் போடுவது, தடவுவது அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் சென்று காட்டுவதே நல்லது. அதே வேளையில், வேறொரு நோய்க்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இரு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன்: பார்வை திரும்புமா என்று படம் சொல்லுமா? ஓரளவுக்குச் சொல்லும், ஆனால் காலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் சொல்லும். பிரிவு புதிதாக இருக்கும்போது, தூக்கப்பட்ட விழித்திரையின் அடிவிளிம்பு வழவழப்பாக இருக்கும். வெளி எல்லைப் படலமும் எலிப்சாய்டு பட்டையும் அறுபடாமல் ஓடும். வாரங்கள் செல்லச் செல்ல, விழுங்கப்படாத வெளிநுனிகள் நீண்டு, அடிவிளிம்பு சடைசடையாகத் தொங்கும். நீருக்குள் வெண்புள்ளிகள் மிதக்கும். தேங்கிய கழிவு தானே ஒளிரும் தன்மை கொண்டதால், அதற்கென எடுக்கும் தன்னொளிர் படத்தில் அந்த இடம் வெளுத்துத் தெரியும். நீண்ட காலம் நீர் கீழ்நோக்கி வழிந்திருந்தால் அந்த வழித்தடமும் படத்தில் பதிந்திருக்கும். இந்தக் கட்டம் வரை செல்கள் உயிரோடிருக்கின்றன என்றே கொள்ளலாம். அதற்குப் பிறகும் நீர் வற்றாவிட்டால் போக்கு மாறுகிறது. நீண்டிருந்த நுனிகள் குறுகுகின்றன. எலிப்சாய்டு பட்டை இடையிடையே அறுபடுகிறது. ஒளியுணர் செல்களின் உட்கருக்கள் அடுக்கியிருக்கும் பகுதி மெலிகிறது. கருக்கள் இருக்கும் அந்தப் பகுதியின் தடிமனை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வெளிநுனி அழிந்தால் செல் அதை மீண்டும் வளர்த்துக்கொள்ளும். செல்லே மடிந்தால் வளர்க்க ஆள் இல்லை. நீர் வற்றிய கண்களில் அந்த அடுக்கு எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவுக்குப் பார்வையும் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மீண்டும் வளரும் என்று நான் சொல்வதற்கு நெடுங்காலச் சான்று உண்டு. 1960களின் இறுதியில் க்ரோல், மாக்கெமர் என்ற இருவர் ஆந்தைக் குரங்குகளின் விழித்திரையைப் பிரித்தும் பின் ஒட்டவிட்டும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, வெளிநுனிகள் மறுபடியும் உருவாவதைக் காட்டினார்கள். இன்று அதே மறுவளர்ச்சியை உயிருள்ள மனிதனின் கண்ணில் ஓசிடி மூலம் மாதந்தோறும் பார்க்கிறோம். ஒட்டிய விழித்திரையில் முதலில் வெளி எல்லைப் படலம் தொடர்ச்சியாகிறது, அதன் பிறகே எலிப்சாய்டு பட்டை மூடிக்கொள்கிறது; முன்னது இருந்தால் பின்னதற்கு நம்பிக்கை உண்டு. ஒரு கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். கண்ணின் ஒளியியல் பிறழ்வுகளைத் திருத்தி, ஒவ்வொரு கூம்பு செல்லையும் (நிறத்தையும் நுணுக்கத்தையும் உணரும் ஒளியுணர் செல்) தனித்தனியாகப் படமெடுக்கும் முறையை 1997இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு காட்டியது. அம்முறையைக் கொண்டு சிஎஸ்சி குணமான கண்களைப் பார்த்தபோது, எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிக்கிற சிலருக்கும் கூம்பு செல்களின் அடர்த்தி குறைந்திருந்தது. எல்லாம் படிக்க முடிகிறது, ஆனாலும் அந்தக் கண்ணில் நிறம் வெளிறியிருக்கிறது என்று நோயாளி சொன்னால், அது கற்பனை அன்று.

படத்தைத் தவறாகப் படிக்க இடமளிக்கும் சில இடங்களையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒளியுணர் செல்கள் கண்மணியை நோக்கிச் சாய்ந்து நிற்பவை. ஒளி சாய்வாகப் பட்டால் அவற்றின் பட்டைகள் மங்கும். தூக்கப்பட்ட விழித்திரையின் சரிவுகளில் எலிப்சாய்டு பட்டை மங்கித் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கண்புரையும் வறண்ட கண்ணும் படம் முழுவதையும் மங்கச் செய்யும். மேலிருக்கும் இரத்தக்குழாயின் நிழல் பட்டையை அறுத்தது போலக் காட்டும். கருவி அச்சிட்டுத் தரும் தாளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரும் நிறங்களும் தடிமன் எண்களும் கருவி தானாக வரைந்த எல்லைக் கோடுகளை நம்பியவை. நீர் தேங்கிய கண்ணில் அந்தக் கோடுகள் அடிக்கடி இடம் தவறி விழும். மேலும், திரையில் படம் பெரும்பாலும் உயரவாக்கில் இழுத்துக் காட்டப்படுகிறது. மலைபோல் தெரியும் வீக்கம் உண்மையில் சில நூறு மைக்ரான் உயரமே, அதாவது ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி. அந்தத் தாளைக் கைப்பேசியில் பிடித்துக் குடும்பத்தார் அனைவரும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

சரி, அறுவை சிகிச்சை வேண்டிய பிரிவு எது? கண்ணின் உட்புறத்தை நிறைத்திருக்கும் கூழ் நீர்த்து, விழித்திரையைப் பற்றி இழுத்து, ஓரத்தில் கிழித்துவிடுகிறது. நீர்த்த கூழ் அந்தக் கிழிசல் வழியாக உள்ளே புகுந்து, விழித்திரையைத் தாள் உரிவது போல உரித்துக்கொண்டே போகிறது. திடீர் மின்னல்கள், புதிதாக மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து இறங்கும் திரை ஆகியவை அதன் அறிகுறிகள். கிட்டப்பார்வை மிகுந்த கண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கிட்டப்பார்வை இவ்வளவு பரவலாக உள்ள சிங்கப்பூரில் இதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். மாகுலா இன்னும் பிரியாமல் இருந்தால் அதைக் காப்பாற்றவே அந்த விரைவு. பிரிந்துவிட்டாலும் நாள்கள் கணக்கில்தான் பேசுவார்கள், ஏனெனில் விலங்கு ஆய்வுகளில் ஒளியுணர் செல்கள் மடிவது முதல் சில நாள்களிலேயே உச்சத்தை எட்டுகிறது. சிஎஸ்சியில் பிரிவு மாகுலாவோடு அடங்கியிருக்கிறது, உயரம் குறைவு, தேங்கும் நீரும் வேறு வகை. அதனால் செல்கள் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கின்றன. இங்கே ஓசிடியின் எல்லை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது பெரும்பாலும் நடுப்பகுதியில் சில மில்லிமீட்டர் அகலத்தையே காட்டுகிறது. ஓரத்துக் கிழிசல் அதில் விழாது. ஆகவே கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையின் ஓரம் வரை மருத்துவர் பார்த்தாரா என்பது முக்கியம். பார்த்திருந்தால் உங்கள் அச்சத்தில் பெரும்பகுதி நீங்கிவிட வேண்டும்.

ஒரே தோற்றம் கொண்ட இடைவெளிக்கு நேரெதிர் மருந்து கொடுக்க வேண்டிய நிலையும் உண்டு. வோக்ட்–கோயநாகி–ஹராடா என்ற அழற்சி நோயில் இரு கண்களிலும் இதே அடுக்கு பிரிந்து நீர் தேங்கும், கோராய்டும் தடித்திருக்கும். அதற்கு மருந்தே அதிக அளவு ஸ்டீராய்டு. சிஎஸ்சிக்கோ ஸ்டீராய்டு நஞ்சு. தலைவலி, காதில் இரைச்சல், இரு கண்களும் ஒரே காலத்தில் மங்குதல் ஆகியவை அழற்சி நோயின் பக்கம் சாயும். ஓசிடி படத்தில் நீர் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதும், நிறமி அடுக்கு அலையலையாக மடிந்திருப்பதும் அதே திசையில் கைகாட்டும். படம் மட்டும் போதாது, நோயாளியின் சொல்லும் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

வயது 50ஐத் தாண்டியவருக்கு இதே படம் வந்தால் என் எண்ணம் வேறு பக்கம் போகும். வயதுசார் மாகுலா சிதைவில் புதிதாக முளைக்கும் இரத்தக்குழாய்களும், அதன் ஒரு வகையாகக் கருதப்படும் பாலிப்பாய்டல் கோராய்டல் வாஸ்குலோபதியும் இதே அடுக்கில் நீரைத் தேக்குகின்றன. பின்னது ஆசியர்களிடையே கணிசமாகக் காணப்படுவதால் சிங்கப்பூர் மருத்துவர்கள் இதில் தனிக் கவனம் செலுத்தி, எவரெஸ்ட் 2 என்ற பன்னாட்டு ஆய்வில் முன்னணிப் பங்கு வகித்தார்கள். 322 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முதல் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. சிஎஸ்சி நாள்பட்டால் அதிலும் புதிய குழாய்கள் முளைக்கலாம். நிறமி அடுக்கு தட்டையாகவும் ஒழுங்கின்றியும் சற்றே தூக்கி நின்றால், சாய ஊசி இல்லாமலே இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஓசிடி ஆஞ்சியோகிராபி எடுத்து அதை உறுதிசெய்யலாம். பாலிப்பு போன்ற முடிச்சுகளைத் தேட இண்டோசயனைன் பச்சைச் சாயப் படமே நம்பத்தக்கது.

நம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி என்பதால் இன்னொன்று. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பலதுறை மருந்தகத்தில் ஆண்டுதோறும் விழித்திரைப் புகைப்படம் எடுக்கிறார்கள். 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அந்தப் படங்கள் பயிற்சி பெற்றவர்களால் தொலைவிலிருந்து படிக்கப்படுகின்றன. மிகப் பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அது மேற்பரப்பின் வண்ணப் புகைப்படம். அடுக்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய நீரை அது காட்டாமல் போகலாம். சென்ற மாதம் புகைப்படம் எடுத்தார்கள், எல்லாம் நலம் என்றார்கள் என்பதற்காக, இன்று எழுத்து நெளிவதைப் புறக்கணிக்கக் கூடாது.

மூன்று மாதக் காத்திருப்பைப் பற்றி என் கருத்து: புதிதாக வந்த சிஎஸ்சியில் பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு மாதங்களில் நீர் தானாக வற்றுகிறது, ஆகவே அது முறையான அறிவுரை, அலட்சியம் அன்று. அதற்குள் வற்றாவிட்டாலோ, வெளிநுனிகள் குறுகி அடுக்கு மெலியத் தொடங்கினாலோ, காத்திருப்பதை நிறுத்த வேண்டும். அந்நிலையில் வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்தை வழக்கமான அளவில் பாதியைச் சிரையில் ஏற்றி, குளிர்ந்த லேசர் ஒளியால் அதைத் தூண்டும் சிகிச்சைக்கே இன்றைய சான்றுகள் வலுவாக உள்ளன. 2018இல் வெளியான பிளேஸ் ஆய்வில் அது நுண்துடிப்பு லேசரைவிட நன்கு பலித்தது. சிகிச்சைக்குப் பிறகு சில நாள்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இதற்கு விடுப்பைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். எப்லரினோன் மாத்திரை பல ஆண்டுகள் பரவலாகக் கொடுக்கப்பட்டது. 2020இல் வெளியான விசி ஆய்வில் அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடச் சிறந்ததாக இல்லை. சொட்டு மருந்து எதுவும் இந்த நீரை வற்றச் செய்யாது. மேலும், குணமானவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலானோருக்கு இது மறுபடியும் வருவதுண்டு.

அடுத்த முறை போகும்போது, முன்பு எடுத்த அதே இடத்தில், இயன்றால் அதே வகைக் கருவியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வேறு வேறு கருவிகளின் தடிமன் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. மருத்துவமனையை மாற்றினால் பழைய படங்களின் மின்பிரதியையும் வாங்கிச் செல்லுங்கள். நீரின் உயரம் எவ்வளவு குறைந்தது என்பதோடு, எலிப்சாய்டு பட்டை தொடர்ச்சியாக இருக்கிறதா, கருக்கள் இருக்கும் அடுக்கு மெலிந்திருக்கிறதா, கோராய்டு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள். இடைப்பட்ட காலத்தில் உங்கள் கணவர் வாரம் ஒருமுறை நல்ல கண்ணை மூடிக்கொண்டு, கட்டம் போட்ட தாள் ஒன்றைப் படிக்கும் தூரத்தில் வைத்துப் பார்க்கட்டும். நெளிவு திடீரெனக் கூடினாலோ, நடுவில் கருந்திட்டு தோன்றினாலோ, மற்றக் கண்ணிலும் இது தொடங்கினாலோ, மூன்று மாதத் தவணைக்குக் காத்திராமல் முன்னதாகவே நேரம் கேட்டு வாங்குங்கள். மின்னலும் திரையும் தெரிந்தால் அன்றே கண் மருத்துவ வசதியுள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.